முந்நூறு பள்ளங்கள்

அத்தியாயம் 11

போன வாரம் சின்னவன் ஒரு கிதாரைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனான் அல்லவா? அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அம்மா ஏழு நாளாக மேஜையின் மிச்ச மூலையில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. அப்பா மேடையில் கிதார் வாசித்தவர். ரசிகர்களுக்கு அவர் 'புயல்'. இறந்து ஒன்பது வருடமாகிறது. அவருடைய கிதாரைப் பார்த்து, அதே மாதிரி முந்நூறு மட்டும் செய்து விற்கப்போகிறது ஒரு கம்பெனி. புதுக் கிதார் இல்லை. பழசாக்கிய புதுக் கிதார். அவர் கிதாரில் எங்கே வண்ணம் உரிந்திருந்ததோ அங்கே உரித்து, எங்கே கீறலோ அங்கே கீறி, கீழ் விளிம்பில் இருக்கும் பள்ளத்தைக்கூட விடாமல் பதித்துத் தருவார்களாம். மேஜையில் கிடப்பது அந்த நகல்களில் ஒன்று. ஏற்பாடு செய்தவன், கிதார் கடை வைத்திருக்கும் மகன், சின்னவன். அந்தப் பள்ளம் விழுந்த கதையைக் காமெராவுக்கு முன்னால் அம்மா சொல்ல வேண்டும் என்று கேட்டான். அம்மாவும் "வரேன்" என்றுவிட்டாள்.

இன்றைக்குத்தான் அந்தப் பதிவு.

மதியம் ஒரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஒரு தடவை இல்லை, நிறுத்தாமல். முன்னால் போகிற லாரிக்கு ஹார்ன் அடிக்கிற மாதிரி மணி அடிப்பவள் அந்தக் குடும்பத்தில் ஒருத்திதான். சின்னவனின் அக்கா, பெரியவள். அவள் பஸ் ஓட்டுகிறாள். அன்றைய ஷிப்டை வேறு ஆளிடம் மாற்றிக்கொடுத்துவிட்டு, டிப்போவிலிருந்து சீருடையோடு அப்படியே வந்திருந்தாள்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படிச்சியா?"

"படிச்சேன். மூணு எழுத்துப்பிழை இருக்கு." அம்மா அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள்.

"எழுத்துப்பிழையா? மொத்தமே பிழைம்மா!"

அது கிதார் பற்றிய செய்திகளும் கருத்துகளும் மட்டும் வருகிற ஓர் இணையப் பத்திரிகை. எந்தக் கம்பெனி எந்த மாடலை நிறுத்துகிறது, எந்தக் கடை மூடப்போகிறது, எந்த ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, நன்றாக ஒலிக்கிறது என்று தினமும் எழுதுவார்கள். அன்று காலைத் தலைப்பில் புயல் இருந்தார். பெரியவள் உரக்க வாசித்தாள். அவள் வாசித்த விதத்தில் ஒவ்வொரு சொல்லும் பல்லில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"'புயலின் ஆவேசம் இனி உங்கள் கையில்! முப்பத்தோரு வருடங்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சியின் நடுவே மின்சாரம் தடைப்பட, ஆத்திரத்தில் கிதாரை ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மூலையில் ஓங்கி அடித்தார் புயல். அந்த அடியின் வடு முந்நூறு கிதார்களிலும் கையாலேயே பதிக்கப்படுகிறது.' ஆத்திரமாம். வடுவாம். கீழ ரசிகருங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்தியா?"

"பார்த்தேன்."

"கேளு. 'புதுச் சட்டையைக் கிழிச்சு விக்கிற வியாபாரம். நானே சுத்தியலால அடிச்சுக்குவேன்.' இவன் தேவலாம். அடுத்தவனைப் பாரு. 'அந்தப் பள்ளத்துல ஒரு தடவையாவது கட்டைவிரலை வெச்சுப் பார்க்கணும். அதுதான் என் வாழ்நாள் ஆசை.' வெச்சுப் பாரேன்டா! வெச்சுப் பாரு!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள்.

அம்மா காபித் தம்ளரைக் கழுவினாள். கழுவிய தம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

"அங்க போய் என்ன சொல்லப்போற?"

"அவன் கேட்டதைச் சொல்லிட்டு வரேன்."

"ஆம்ப்ளிஃபயர் கதையையா?"

அம்மா தம்ளரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நடந்தது இதுதான். ஒரு வாடகை வீடு, மூன்றாம் மாடி, புதன்கிழமை சாயங்காலம். எட்டு வயதுப் பெரியவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். பக்கத்து அறையில் அப்பா ஆம்ப்பில் கிதாரைச் செருகி வாசித்துக்கொண்டிருந்தார். "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்றாள் அம்மா. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். அப்போது சின்னவன் அவள் வயிற்றில் ஏழு மாதம். அடி விழ ஆரம்பித்ததும் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். அப்பா தோளிலிருந்த கிதாரைக் கழற்றி, அதன் கழுத்தைப் பிடித்து, கதவை அடித்தார். மூன்று அடி. மூன்றாவது அடி கதவின் பித்தளைக் குமிழில் விழுந்தது.

அதற்கப்புறம் வெளியே அழுகைச் சத்தம் கேட்டது. அம்மா கதவைத் திறந்தாள்.

அவர் குடிக்கிறவர் இல்லை. குடிதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. சின்னவன் பிறந்த வருடம்தான் அவருக்குப் பெயர் வந்தது. வெளியே கைதட்டல் ஏற ஏற, வீட்டுக்குள் கை இறங்கியது. சின்னவனை அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மடியில் உட்காரவைத்து, குட்டி விரல்களைத் தந்தியில் பதித்து, வலித்தால் ஊதிவிட்ட அப்பா அவர். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு அப்பா.

"அவனுக்கு ஒரு நல்ல அப்பா கிடைச்சார்டி. அதை எதுக்குப் பிடுங்கணும்?" என்றாள் அம்மா, தம்ளரைப் பார்த்தபடியே.

"அப்ப எனக்குக் கிடைச்சவரு?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரிஞ்சா வலிக்காதா? என்னம்மா பேச்சு இது? முப்பத்தோரு வருஷமா இந்த வீட்ல எனக்கு மட்டும் வாய்ப்பூட்டு. அவன் கல்யாணத்துல அப்பா படத்துக்கு மாலை போட்டுட்டு அழுதான், நான் பக்கத்துல நின்னு கைக்குட்டை கொடுத்தேன். இன்னும் என்னதான் செய்யணும் நான்?"

கீழே கார் வந்து நின்றது. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நானும் வரேன்" என்றாள் பெரியவள். அது உத்தரவு கேட்ட குரல் இல்லை.

✦

காரில் சின்னவன்தான் பேசிக்கொண்டே வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா கிளம்புகிற பையன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"அக்கா, நீ வருவேன்னு நினைக்கவே இல்ல. ரொம்ப சந்தோஷம். அம்மா, அந்த மின்சாரம் போற இடம் இருக்குல்ல, அங்க கொஞ்சம் நிறுத்திச் சொல்லு. கூட்டம் அப்படியே அமைதியாச்சுன்னு சொல்லிட்டு, ஒரு மூச்சு விட்டுட்டு, அப்புறம் அடிச்சதைச் சொல்லு."

"மூச்சு விடணுமா?" என்று பின் சீட்டிலிருந்து கேட்டாள் பெரியவள்.

"ஒரு சுவாரசியத்துக்குக்கா."

"சிவப்பு விளக்கு எரியுது. ரோட்டைப் பார்த்து ஓட்டு."

பட்டறை ஒரு பெரிய கூடம். உள்ளே நுழைந்ததும் மரத்தூளும் வார்னிஷும் சேர்ந்து மூக்கில் ஏறின. கழுத்து பொருத்தாத கிதார் உடல்கள் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின. ஒரு பக்கம் பளபளவென்று புத்தம் புதுசாக. மறுபக்கம் அதே உடல்கள், முப்பது வருடம் உழைத்தவை போல் தோல் உரிந்து.

விற்பனை மேலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். சட்டைப் பையில் புயலின் படம் போட்ட பேட்ஜ்.

"வாங்க மேடம், வாங்க. இன்னைக்கு நாங்க மரம் விக்கல மேடம். கதை விக்கிறோம். கதை இல்லாத கிதார் எந்தக் கடையிலயும் கிடைக்கும்."

"அப்ப மரம் எதுக்கு? கதையை மட்டும் விக்கலாமே" என்றாள் பெரியவள்.

மேலாளர் சிரித்தார். பஸ் சீருடையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நடந்தார்.

கூடத்தின் கோடியில் பழசாக்கும் அறை. அங்கிருந்துதான் வந்தது அந்தச் சத்தம்.

டொக்.

பெரியவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சின்னவன் அவள் மேல் இடித்துக்கொண்டான்.

டொக்.

அறைக்குள் நரைத்த மீசைக்காரர் ஒருவர், தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. அவருக்கு முன்னால் பஞ்சு மெத்தை போட்ட பலகையில் அப்பாவின் அசல் கிதார். பக்கத்தில் நாலைந்து நகல்கள். உப்புத்தாள், சாவிக்கொத்து, சின்னச் சின்னக் கத்திகள். கையில் சுத்தியல் மாதிரி ஏதோ.

"புயல் சாரோட சம்சாரமா? வணக்கம்மா!" மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. "உங்களை நேர்ல பார்க்கக் கொடுத்து வெச்சிருக்கணும். ஒரு விஷயம் கேக்கணும்னு இருந்தேன். இந்தப் பள்ளம் ஆம்ப் மூலையில பட்டதுன்னு சொல்றாங்களே, அது சரியாம்மா?"

"மாஸ்டர், அதெல்லாம் இப்ப எதுக்கு? பதிவுக்கு நேரமாச்சு" என்றார் மேலாளர்.

"ஒரு நிமிஷம் சார். ரெண்டு நாள் ஆம்ப் மூலையை வெச்சு அடிச்சு அடிச்சுப் பார்த்தேம்மா. வரவே இல்ல. மூலை பட்டா மரம் முக்கோணமா நசுங்கும். இதைப் பாருங்க, உருண்டையா, வழவழன்னு உள்ள போயிருக்கு. உருண்டையான உலோகம் ஏதோ பட்டிருக்கு. அப்புறம்தான் மண்டையில உறைச்சுது." கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினார். "பழைய சாமான் கடையில போய் வாங்கினேன். கதவுக் குமிழ். பித்தளை. இதை ஒரு கட்டையில முடுக்கிட்டு அடிச்சேன் பாருங்க, அப்படியே அச்சு!"

தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கே ஒரு பூரிப்பு. பாவம், அவர் மேல் தப்பே இல்லை. அந்த அறையில் உண்மையைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்.

"கதவுக் குமிழா?" சின்னவன் சிரித்தான். "அப்பா மேடையில கதவு எங்க இருந்துது?" சிரித்துக்கொண்டே அம்மாவின் பக்கம் திரும்பினான். சிரிப்பு பாதியில் நின்றது.

அம்மாவின் கை பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று இருவருக்குமே தெரியாது. விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

"எத்தனை முடிச்சிருக்கீங்க?" என்று மாஸ்டரைக் கேட்டாள் அம்மா.

"நேத்து வரைக்கும் நாற்பத்தொண்ணும்மா."

"எங்க, ஒண்ணு அடிங்க. பார்க்கிறேன்."

மாஸ்டர் ஒரு நகலை எடுத்து வைத்தார். குறி பார்த்து, ஓங்கி, ஒரே அடி. டொக்.

"இது மூணாவது" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"இதுக்கு முன்னாடி ரெண்டு இருந்துது. அது ரெண்டும் கதவுப் பலகையில விழுந்துது. பலகை மெத்துன்னு இருந்ததால கிதாருக்கு ஒண்ணும் ஆகல. மூணாவதுதான் குமிழ்ல பட்டுது."

மாஸ்டர் குமிழ்க் கட்டையைக் கீழே வைத்தார். சின்னவன்தான் கடைசியில், "எந்தக் கதவும்மா?" என்றான்.

அம்மா மேலாளரைப் பார்த்தாள். "காமெரா எங்க இருக்கு?"

✦

இரண்டு விளக்கு, ஒரு நாற்காலி, பின்னால் கருப்புத் துணி. இணையப் பத்திரிகையின் நிருபர் தயாராக உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்த செய்தியை எழுதியவள் அவள்தான். மடியில் நோட்டு, பக்கத்தில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி.

மேலாளர் காமெராவுக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தார். "அன்னைக்கு மேடையில கூட்டம் நிரம்பி வழியுது. அங்கிருந்து ஆரம்பிங்க மேடம்."

"அன்னைக்கு மேடை இல்ல" என்றாள் அம்மா. "வீடு. புதன்கிழமை. பொண்ணுக்குக் காய்ச்சல்."

சொன்னாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல், குரலை உயர்த்தாமல், அச்சகத்தில் மூலப்பிரதியை வாசித்துக் காட்டுகிற மாதிரி வரிவரியாகச் சொன்னாள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னது. கன்னத்திலும் தோளிலும் விழுந்தது. குளியலறைத் தாழ்ப்பாள். மூன்று அடி.

"அப்புறம் அழுகைச் சத்தம் கேட்டுது. மனசு இளகிடுச்சு போலிருக்குன்னு நினைச்சேன். கதவைத் திறந்தேன். அவர் தரையில உட்கார்ந்து கிதாரை மடியில போட்டுக்கிட்டு அழறார். சட்டை நுனியால அந்தப் பள்ளத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு விடறார். என்னை நிமிர்ந்து பார்த்து, 'உன்னாலதான் இது ஆச்சு'ன்னார். கிதாருக்குத்தான் அழுதார்."

"அம்மா!"

கத்தியது சின்னவன் இல்லை, பெரியவள். அந்த அழுகையை அவளும் கேட்டவள்தான். காய்ச்சல் உடம்போடு குளியலறைத் தரையில் உட்கார்ந்து, அப்பா வருத்தப்படுகிறார், அப்பா வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டவள். அவருக்காக அவள் மனதில் ஒதுக்கிவைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். அதுவும் இப்போது போயிற்று.

"இதை ஏம்மா என்கிட்டகூடச் சொல்லல?"

"உனக்காவது அது இருக்கட்டுமேன்னுதான்."

"போதும், நிறுத்துங்க! காமெராவை அணைங்க!" மேலாளர் குறுக்கே பாய்ந்து வந்தார். விளக்கு ஒன்று ஆடியது.

சின்னவன் சுவரோரமாக நின்றிருந்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. அவன் வெடித்தான். வருத்தத்தில் இல்லை, கோபத்தில்.

"ரெண்டு பேருக்கும் தெரியும். இத்தனை வருஷமா ரெண்டு பேருக்கும் தெரியும். நான் யாரு? உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளியா? கடைச் சுவர் பூரா அவர் படத்தை மாட்டி வெச்சிருக்கேன். வர்றவன் போறவன்கிட்டல்லாம் அந்த ஆம்ப் கதையைச் சொல்லியிருக்கேன். என் பையனுக்குத் தூங்கறதுக்கு முன்னாடி சொல்ற கதையே அதுதான்! என்னை வெச்சு நாடகம் ஆடினீங்களா?"

"டேய், உன்னைக் காப்பாத்தத்தான்..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"யார்கிட்டேர்ந்து காப்பாத்தினே? அவர் என்னை ஒரு தடவைகூட அடிச்சதில்லையே!"

"அடிச்சார்" என்றாள் பெரியவள். "அந்தக் கதவுக்குப் பின்னால நாங்க ரெண்டு பேர் இல்லடா. மூணு பேர்."

சின்னவன் அவளைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் மேலாளருக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் வியாபாரி. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு விதத்துல பார்த்தா இது இன்னும் வலுவான கதை. ஆம்ப் கதை எல்லாருக்கும் தெரிஞ்சது. இது, மனந்திருந்திய ஒரு கலைஞனோட கதை. பின்னாடி மகனை எவ்வளவு அன்பா வளர்த்தார்! அதையும் சேர்த்துச் சொன்னா, சனங்க கண்ணுல தண்ணி வரும். ஒவ்வொரு கிதாரோடயும் மேடம் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம்..."

சின்னவன் இரண்டே எட்டில் வந்து அவர் சட்டையில் இருந்த பேட்ஜைப் பிடுங்கினான். துணியோடு கிழிந்து வந்தது.

"எங்கம்மா வாங்கின அடிக்குக் கடிதம் வெச்சு விப்பியா?"

"தம்பி, கையை எடுங்க."

"நிறுத்துய்யா எல்லாத்தையும். எனக்கு இந்த விற்பனை வேண்டாம். ஒரு கிதார்கூட வெளிய போகக்கூடாது."

நிருபர் நோட்டை மூடிவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தாள். காலையில் தான் எழுதிய செய்தி அவளை உறுத்தியிருக்க வேண்டும்.

"அம்மா, என்னோட கருவியில எல்லாம் பதிவாகியிருக்கு. நீங்க வேண்டாம்னா இங்கயே அழிச்சிடறேன். போடலாம்னா, காலையில வந்ததைத் தூக்கிட்டு இதைப் போடறேன்."

"போடு" என்றாள் அம்மா. "ஆனா ஒண்ணு. அவரு கொடியவரு, அரக்கருன்னு எழுதாதே. நல்லா வாசிச்சார், அதையும் மறைக்காதே. அடிச்சார்னு எழுது. எத்தனை அடின்னு எழுது. அது போதும்."

கதவருகே மாஸ்டர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. பித்தளைக் குமிழ் முடுக்கிய கட்டையைக் கொண்டுவந்து மேலாளருக்கு முன்னால் இருந்த மேஜையில் வைத்தார்.

"இதை நான் அடிக்கமாட்டேன் சார்."

"நீங்க இல்லாட்டி வேற ஆள்."

"வேற ஆளைப் பாருங்க."

✦

மேலாளர் இப்போது மேடம் என்று சொல்வதை விட்டிருந்தார். அலமாரியைத் திறந்து ஒரு ஒப்பந்தக் கோப்பை எடுத்து மேஜையில் போட்டார்.

"எல்லாரும் உட்காருங்க. கோபம் உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்ல. முந்நூறுக்கும் மரம் வெட்டியாச்சு, ஊரூரா கடைகளுக்குச் சொல்லியாச்சு. இது ஒப்பந்தம். புயலோட வாரிசுங்க மூணு பேரும் சம்மதிச்சுப் போட்டது. பின்வாங்க முடியாதுன்னு நாலாவது பக்கத்துல தெளிவா இருக்கு."

"ரெண்டு பேர்னு சொல்லுங்க" என்றாள் பெரியவள். "நான் எதுலயும் கையெழுத்துப் போடல. தம்பிதான் அப்பா விவகாரமெல்லாம் பார்க்கறான், அவன் கையெழுத்தே போதும்போலன்னு நினைச்சுட்டேன்."

மேலாளர் கோப்பை அவள் பக்கம் திருப்பினார்.

கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்து. மூன்றாவது அவளுடையது. முதல் எழுத்தின் வளைவு, கடைசியில் இழுக்கும் கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி. அசல் அவள் கையெழுத்தேதான்.

பெரியவள் மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள். அவள் வலது கை மடங்கி முஷ்டியானது.

"அக்கா, சத்தியமா நான் இல்ல. நீ ஷிப்ட்ல இருக்கே, வாங்கிட்டு வரேன்னு அம்மாதான் கோப்பை எடுத்துட்டுப் போனா. மறுநாள் கையெழுத்தோட கொடுத்தா. நான் நம்பிட்டேன்."

விளக்குக்குக் கீழே நாற்காலியில் அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள்.

கூடத்தில் எங்கோ ஒரு இயந்திரம் ஓடி நின்றது.

"உன்கிட்ட வந்தா நீ மாட்டேன்னு சொல்லுவே. ஏன் மாட்டேங்கறேன்னு அவன் கேப்பான். எல்லாம் வெளிய வந்துடும். அந்தப் பயத்துலதான்."

"என் பேரை எழுதறப்ப கை நடுங்கிச்சா?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்ல நினைத்திருந்தால் அதற்கு இதுதான் நேரம்.

"இல்ல."

"நடுங்காது." பெரியவளின் குரல் இப்போது தாழ்ந்துவிட்டது. கத்தியபோது இருந்ததைவிட அது பயமாக இருந்தது. "அவர் அடிச்சதை மறைக்க என் வாயை மூடினே. சின்னப் பொண்ணு, சரின்னு மூடிக்கிட்டேன். இப்ப அந்த அடியை முந்நூறு பேருக்கு விக்கவும் என் கையையே எடுத்துக்கிட்டே. உன் புருஷன் கதவைத்தான் அடிச்சார். நீ என்னைக் கேக்கவே இல்லையேம்மா. ஒரு வார்த்தை கேக்கலையே!"

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். வாய்ப்பு வந்தால் விடாத ஆள்.

"பாருங்க, நான் சட்டம் தெரிஞ்சவன். கையெழுத்து போலின்னு நீங்க எழுதிக் கொடுத்தா ஒப்பந்தம் செல்லாது. வாஸ்தவம். உற்பத்தியும் நிக்கும். ஆனா போலின்னா போட்டது யாருன்னு போலீஸ் கேக்கும். நாங்களும் சும்மா விடமாட்டோம். அம்மாவை ஸ்டேஷன்ல உட்காரவைக்கணுமா? இல்ல, 'ஆமாம், என் கையெழுத்துதான்'னு போயிடறீங்களா? நீங்களே முடிவு பண்ணுங்க. நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் நேரம் தரேன்."

பெரியவள் கோப்பை மூடினாள். மேஜையிலிருந்த பித்தளைக் குமிழ்க் கட்டையை எடுத்துச் சீருடைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"அது கம்பெனிச் சொத்து" என்றார் மேலாளர்.

"போலீஸ்ல சொல்லுங்க. அதான் போகப்போறீங்களே."

அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொக்கிகளில் தொங்கிய கிதார் உடல்களுக்கு நடுவே புகுந்து வெளியே நடந்தாள். தோள் பட்ட இடத்திலெல்லாம் அவை ஒன்றோடொன்று மோதி ஆடின.

சின்னவன் வாசலைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். "அம்மா, நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு, "அக்கா! அக்கா, நில்லு!" என்று ஓடினான்.

மேலாளர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனார். மாஸ்டர் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தார். விளக்குச் சூட்டில் அம்மாவின் நெற்றி வியர்த்திருந்தது. எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தவள், எழாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"அந்தக் கருவி இன்னும் ஓடுதாம்மா?" என்று நிருபரைக் கேட்டாள்.

நிருபர் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. "ஐயோ... ஆமாம்மா. அணைக்க மறந்துட்டேன். கடைசியா நீங்க சொன்னதை அழிச்சிடறேன்."

"வேண்டாம்."

"அம்மா, புரிஞ்சுதான் சொல்றீங்களா? கையெழுத்து விஷயம் செய்தியில வந்தா உங்க மேல கேஸ் ஆகும்."

"நான் சொல்லிட்டேன்னா அவ சொல்ல வேண்டாமில்ல?" அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க பத்திரிகையில இன்னைக்கே வரணும்னா எத்தனை மணிக்குள்ள கொடுக்கணும்?"

"நாலு மணி."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால்.

"அப்ப எழுத ஆரம்பி. கையெழுத்து விஷயத்தை முதல் வரியிலயே போடு. எழுதினதும் என்கிட்ட காட்டு."